கிளை மாறிய லெமூர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. அக்கா புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள், பின்பக்கம் நல்ல வெளிச்சமாம். ஒன்பது நாளாக நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. முதலில் கோபம், அப்புறம் வெட்கம், மறைக்கவில்லை. நீ அப்பாவிடம் வெயில் மழை விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாயாம், உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருஷமாகக் கடைப் பலகை எழுதுகிறவளுக்கு மியூசியத்து மாடிப்படிச் சுவர் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. குரங்கினங்களின் வம்ச மரம் வரைய வேண்டும், அதுவும் என் பிள்ளை படிக்கிற படிப்பு. மியூசியத்துக்குப் பொறுப்பான அம்மா பென்சிலில் ஒரு மாதிரிப் படம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கண் ஆபரேஷனுக்கு லீவில் போய்விட்டார். உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன், அந்த மாதிரியில் லெமூர் இடப்பக்கம் ஒரு தாழ்ந்த கிளையில்தான் இருந்தது. மாற்றியது நான். அடிமரம் அவ்வளவு அகலம், வெறுமனே கிடந்தது, பலகை எழுதுகிறவர்களுக்குக் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தக் கறுப்பு வெள்ளை வளைய வாலை மரத்தைச் சுற்றி விட்டால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. விட்டேன், கண்கொள்ளாக் காட்சி. அடியில் லெமூர், அதற்கு மேல் குரங்குகள், அதற்கும் மேல் வாலில்லாக் குரங்குகள், உச்சியில் நாம். போட்டோவை முதலில் உனக்குத்தான் அனுப்பினேன். நீயோ நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல், லெமூர் நமக்கு முன்னோர் இல்லம்மா, தப்பு என்றாய். குரங்கு பார்க்க அத்தனை தூரம் போனவன் எனக்கு வேலை சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அது என் வாய்க்கொழுப்பு. இனிமேல் என் வேலையைப் பற்றி வீட்டில் பேச மாட்டேன் என்று நீ போனை வைத்தாய்.

திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அப்பா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். சாரத்தில் உட்கார்ந்தபடி அவரிடம் முறையிட்டேன், லெமூருக்கு மூக்கு நாய் மூக்கு போல ஈரமாக இருக்கிறது, பார்த்தாலே பழைய காலத்து ஜீவன், இது முன்னோர் இல்லையென்றால் வேறு எது என்று. அப்பா டப்பாவைத் திறந்துகொண்டே, “என் சித்தப்பா பையன் இன்னும் அந்தப் பழைய வீட்டுலயேதான் இருக்கான், பழைய ரேடியோதான் கேக்குறான். அதுக்காக அவன் எனக்குத் தாத்தாவா ஆயிடுவானா?” என்றார். நான் சிரித்த சிரிப்பில் தூரிகை நழுவி அவர் வழுக்கையில் விழுந்தது, இரண்டு நாள் பச்சைத் தலையோடு திரிந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறேழு கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரே வீடு, இரண்டு பிள்ளைகள். ஒருத்தர் வழியில் லெமூரும் தேவாங்கும், இன்னொருத்தர் வழியில் குரங்குகளும் நாமும். லெமூரும் அன்றைக்கு இருந்த மாதிரியே இல்லை, நம்மைப் போல அதுவும் மாறி மாறித்தான் இன்றைக்கு வந்திருக்கிறது. நமக்கு அது பங்காளி முறை.

அந்த வாலை அழித்தேன். கறுப்பின் மேல் நேராகப் பழுப்பு அடித்தால் காட்டிக்கொடுக்கும், அதனால் வெள்ளை இரண்டு கோட் அடித்து, காய்ந்தபின் மரத்தை மறுபடி எழுதினேன். லெமூரைக் கிளைக்கு அனுப்பி, பக்கத்தில் தேவாங்கை உட்கார வைத்தேன். இரண்டுக்கும் கீழ்ப்பல் சீப்பு மாதிரி, அதைக் கொண்டுதான் தலைசீவிக்கொள்ளும் என்று நீ எப்போதோ சொன்னது நினைவு வந்தது, அதையும் வரைந்துவிட்டேன். கிளை இரண்டாகப் பிரியும் இடத்தில் யார் முகத்தைப் போடுவது என்று லீவு முடிந்து வந்த மியூசியத்து அம்மாவைக் கேட்டேன். பல்லும் எலும்பும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கின்றன, இதுதான் அது என்று யாராலும் கைகாட்ட முடியாது என்றார். அந்த இடத்தை வெறும் மரமாகவே விட்டேன். காலி இடத்தைக் காலியாக விட்டது என் தொழிலில் இதுதான் முதல் தடவை. விழாவில் எல்லோரும் கைதட்டியபோது, தப்பைக் கண்டுபிடித்தது என் பையன் என்று மைக்கிலேயே சொன்னேன். அப்பா எழுந்து நின்று தட்டினார். நீ சரி கண்ணா, நான்தான் தப்பு.

எதிர்ச்சுவரையும் எனக்கே கொடுத்திருக்கிறார்கள். லெமூரின் மூதாதைகள் மிதக்கும் மரம் செடிகளில் தொற்றிக்கொண்டு கடல் தாண்டி, லெமூர்கள் இன்றைக்கு வாழ்கிற அந்தத் தீவுக்குப் போயிருக்கலாம் என்ற கதை. இதை நீ போன லீவில் வந்தபோது ஒரு மணி நேரம் சொன்னாய், நான் தூரிகை கழுவிக்கொண்டே உம் கொட்டினேன், ஒன்றும் காதில் வாங்கவில்லை. மியூசியத்து அம்மா இதற்கும் மாதிரிப் படம் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம், என் பிள்ளை சொல்லக் கேட்டுத்தான் வரைவேன் என்று சொல்லிவிட்டேன்.

தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பேன், நோட்டும் பென்சிலும் பக்கத்தில் இருக்கும். நீ பேசுகிற வரைக்கும் அந்தச் சுவர் வெள்ளையாகவே இருக்கும்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்கக் காத்திருக்கும்
அம்மா