இடது பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்

அக்காவின் புருவத்தில் நான்கு தையல். சனிக்கிழமை எறிந்தது நான். எவர்சில்வர் டம்ளர். டீயில் சர்க்கரை கம்மியாம் — அதற்கு. உண்மையில் அதற்கா? பகல் முழுக்க கம்பெனியில் ஃபோர்மேன் என்னை மாடு என்றான். சாயங்காலம் அக்காவின் ரத்தம் சுவரில்.

"இன்னொரு தடவை கை ஓங்கின, அப்புறம் நீ யாரோ நான் யாரோ." அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை. இப்போது எனக்கு பிளாஸ்டிக் கப்பில்தான் டீ. நான் இருந்தால் சுவரில் சாய்ந்தே நிற்கிறாள். முதுகைக் காட்டுவதே இல்லை.

அவள்தான் மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா சொன்னது இதுதான்: காலையில் படுக்கையை மடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டு தெரு சுற்றிவிட்டுத்தான் வீடு. கோபம் வந்தால் மணிக்கட்டைக் குழாயில் காட்டிப் பத்து மூச்சு. தினம் ஒரு வரியாவது எழுத வேண்டும்.

"இவ்ளோ பெரிய கோவத்துக்கு இத்துனூண்டு மருந்தா?"

"கோவம் வர எவ்ளோ நேரம் ஆகுது உங்களுக்கு?"

"ஒரு செகண்டு."

"அந்த ஒரு செகண்டுக்குத்தான் இது."

மார்ச் 5

படுக்கையை மடித்தேன். வெட்டி வேலை.

மார்ச் 10, திங்கள்

ஃபோர்மேன் பிடரியில் அடித்தான். குழாயடிக்குப் போனேன். ஏழாவது மூச்சில் டிரம்மை எட்டி உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. பக்கத்துத் தகடு வெட்டும் பிரஸ்ஸில் நிற்கும் சோடாபுட்டி, "டாக்டர் பத்துன்னாங்க, நீ ஏழுக்கே பேரம் பேசி முடிச்சிட்டியேடா," என்று கண்ணாடி நழுவ நழுவச் சிரித்தான்.

ஏழு. போன வாரம் மூன்று.

மார்ச் 14, வெள்ளி

கம்பெனியில் மனநல வகுப்பு. டை கட்டிய ஒருவர் வந்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள், சிரியுங்கள் என்றார். எங்கள் குடிதண்ணீர் டிரம்மில் புழு நெளிகிறது. நிமிஷத்துக்கு இருபது தகடு கேட்கிற கம்பெனி மூச்சை நிதானமாக விடச் சொல்கிறது!

பிரஸ்ஸில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் தகட்டை வெட்டும் அச்சு இறங்கும். அப்போது கை அடியில் இருக்காது. ஆனால் அப்படி வேலை செய்தால் இருபது தகடு வராது. அதனால் இடது பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைப்போம். காலையில் முதலில் வருகிறவன் எல்லாருக்கும் ஒட்டிவிடுவான். எங்களுக்குள் அது ஒரு மரியாதை. டேப் ஃபோர்மேனே தருவான்.

மார்ச் 18, செவ்வாய்

சோடாபுட்டியின் விரல். மூன்று —

கோணலாக நின்ற தகட்டைச் சரிசெய்ய இடது கையை அச்சுக்கு அடியில் விட்டான். வலது கை பழக்கத்தில் அழுத்திவிட்டது. சத்தம்கூட வேறாக இல்லை. அப்புறம்தான் அலறினான். நான்தான் துணியில் பொறுக்கினேன். சூடாக இருந்தது.

ஃபோர்மேனின் முதல் வார்த்தை: "மெஷினத் துடைங்கடா."

வாயில் குத்தினேன். அவன் பல் என் விரல்முட்டியைக் கிழித்தது. விழுந்தான். என் கையில் சுத்தியல் — எப்போது எடுத்தேன்? அவன் மண்டை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

"டேப் ஒட்டினது யாருடா? நீதானே!" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கத்தினான்.

நான்தான். இன்றைக்கு முதலில் வந்தது நான்.

சுத்தியலோடு குழாயடிக்குப் போனேன். பத்து எண்ணினேன். இன்னொரு பத்து. தண்ணீர் சிவப்பாக ஓடியது, யார் ரத்தமோ. பதினோரு தடவை தெருவைச் சுற்றிய பிறகுதான் வீடு. அக்கா என் சட்டையைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேங்கா."

மார்ச் 20, வியாழன்

ஃபோர்மேன் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் டேப்பைப் பற்றிக் கேட்பார்களே. கம்பெனி அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு'. த்தூ.

ஆஸ்பத்திரியில் சோடாபுட்டியிடம், "ஒட்டினது நான்டா," என்றேன்.

"தெரியும். அதுக்கு முந்தின நாள் உனக்கு நான்தானே ஒட்டினேன்." ஒரு கையில் கட்டு, மறுகையில் ஊசி. "கண்ணாடி எறங்குது, தள்ளிவிடு."

தள்ளிவிட்டேன்.

மார்ச் 21

படுக்கை மடித்தேன். அரை மணி முன்னதாகப் போய்ப் பதினான்கு மெஷினிலும் டேப்பை உரித்தேன். ஃபோர்மேன் திரும்ப ஒட்டினான்.

மார்ச் 22

உரித்தேன். ஒட்டினான்.

மார்ச் 27, வியாழன்

மூன்றாவது மெஷின்காரன் சட்டையைப் பிடித்து அறைந்தான். "நீ பெரிய இவனா? தகடு கொறைஞ்சா எங்க பொழப்பு போகுதுடா!" உதடு கிழிந்தது. கை எழும்பியது. குழாயடி. பத்து.

ஏப்ரல் 3, வியாழன்

போனால், ஆறு மெஷினில் ஏற்கெனவே டேப் இல்லை. மூன்றாவது மெஷின்காரன் என்னைப் பார்க்காமல் கை கழுவிக்கொண்டிருந்தான். நகத்திலெல்லாம் பசை. மிச்சம் எட்டையும் நான் உரித்தேன். ஃபோர்மேன் கெட்ட வார்த்தையில் கத்தினான். சுத்தியல் ஆசை வந்தது. இன்னும் வருகிறது. எண்ணினேன்.

இரண்டு தெரு. வீடு. அக்கா டீயை வைத்தாள் — அதே எவர்சில்வர் டம்ளரில். விளிம்பு நசுங்கியிருக்கிறது. வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சர்க்கரை கம்மிதான். வேணும்னா எந்திரிச்சு நீயே போட்டுக்க."

எழுந்து போட்டுக்கொண்டேன்.