தபால் உறையின் கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் தலைசுற்றல் குறைந்திருக்கிறதா? இங்கே மீன் ஆலையில் நான் நலம். வலது கையில் மட்டும் சின்னக் காயம்.

நம் ஊர் மருத்துவமனையை மூடலாமா என்று நடந்த வாக்கெடுப்பில், வேண்டாம் என்று நான் தபாலில் அனுப்பிய வாக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். உறையில் போட்ட கையெழுத்து அவர்களிடம் இருக்கும் பழையதோடு ஒத்துப்போகவில்லையாம். திருத்துவதற்கு ஐந்து நாள் அவகாசம் தந்த கடிதம், ஒன்பதாம் நாள்தான் அலாஸ்காவுக்கு வந்தது. தேர்தல் அலுவலக லவோன் அத்தையைத் தொலைபேசியில் கேட்டேன்.

"தொட்டில்ல கிடந்த நாள்லேருந்தே உன்னத் தெரியும்டா ஆரின். இந்தக் கையெழுத்தத்தான் தெரியல" என்றார்.

மருத்துவமனை நான்கு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. இனி டயாலிசிஸுக்கு நீங்கள் எண்பது மைல் போக வேண்டும்.

குளிர் தாங்கவில்லை. கையுறை பின்னி அனுப்புங்கள். வலதுக்கு மூன்று விரல் போதும். ஆலைச் சங்கு ஊதிவிட்டது.

ஆரின்