மைனியோடு மலை ஏரிக்கு

பாறசாலை,
விஷு கழிந்த ஞாயிறு.

பிரியமுள்ள ஆனந்தலட்சுமி மைனிக்கு,

ஸ்ரீகலா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். புனேயில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோர்ட்டில் எல்லாம் முடிந்த அன்று, இனி மைனி என்று கூப்பிட வேண்டாம், பேர் சொன்னால் போதும் என்றீர்கள். ஒரு வருஷமாக முயன்று பார்த்தேன், வாய் வரவில்லை. உங்களுக்கும் அண்ணனுக்கும் விவாகரத்து ஆனது என் நாக்குக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனில் சொன்னால், அதெல்லாம் இப்போது எதற்கு என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான்: நாம் ஸோ மோரிரி ஏரிக்குப் போகிறோம். ஜூன் முதல் வாரம், உங்கள் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால். டெல்லி வழியாக லேவுக்கு விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, உங்களுக்கும் சேர்த்து. கோபப்படுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பதினையாயிரம் அடி உயரத்தில் ஓர் ஏரி, பறவை சிறகடிப்பதுகூடக் காதில் விழும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தேங்காய் துருவிக்கொண்டே பூகோளப் பாடம் நடத்துகிற ஆள் வேறு யார்? வருஷாவருஷம் திட்டம் போட்டோம். ஒரு வருஷம் என் மகன் நிஜினின் பரீட்சை, ஒரு வருஷம் அம்மாவின் முழங்கால் ஆபரேஷன். பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் மனசில்லாமல் போயிற்று. இப்போது நிஜின் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மருந்துக்கடையை என் வீட்டுக்காரர் ராஜீவ் பார்த்துக்கொள்வாராம். தினம் ஒரு படம் அனுப்பினால் போதும் என்கிறார்.

இங்கே இடவப்பாதி மழை தொடங்கும்போது நாம் மழையே எட்டாத ஊரில் இருப்போம். நினைத்தாலே எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றசேகரமங்கலம் பக்கத்துக் குன்றில் ஏறிப் பழகுகிறேன். முதல் தடவை பாதியில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் வெட்டுகிற பெண்கள், யார் துரத்துகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தார்கள். போன வாரம் நிற்காமல் உச்சிக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு ஆடு மட்டும் நின்றது. அதனிடம்தான் பெருமை பேசினேன்.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் நெஞ்சையும் பரிசோதித்தாயிற்று. தாராளமாகப் போகலாம், ஆனால் லேவில் சில நாள் தங்கி உடம்பு பழகிய பிறகே ஏரிக்கு ஏறவேண்டும், தலை வலித்தால் மறைக்கக்கூடாது என்றார் டாக்டர். நீங்கள் வலியை மறைப்பதில் கெட்டிக்காரி. அதனால் நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணனிடம் எதையும் ஒளிக்கவில்லை. பிரஷர் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தபோது சொல்லிவிட்டேன். கவுண்டரில் விரலைத் தட்டினான். பிறகு, "எனக்கும் அவளுக்கும் தீந்ததாக்கும். உனக்கும் அவளுக்கும் எதுக்கு தீரணும்? போயிட்டு வா மக்கா" என்றான். மாத்திரையை எடுக்க மறந்து போய்விட்டான். அவனுக்காக எதையும் சொல்லவரவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்குத்தான் பயந்தேன். உங்கள் பேரைச் சொன்னதும் எழுந்து உள்ளே போனவள், அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மறுநாள் நான் பெட்டியைத் திறந்து துணி அடுக்கிப் பார்க்கும்போது வாசலில் வந்து நின்றாள். "அவளுக்குத் தணுப்பு ஒத்துக்காதே. கழுத்துக்குக் கம்பிளி கொண்டு வாறாளான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும் வரைகூட நிற்கவில்லை. அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து நெய்யாற்றின்கரைக்குப் போயிருக்கிறாள். இந்த வெயிலில் கடைகடையாக ஏறி இறங்கி ஒரு சிவப்பு மப்ளர் வாங்கி வந்திருக்கிறாள், அந்த முழங்காலோடு. யார் வாங்கியது என்று உங்களிடம் சொல்லக்கூடாதாம். சொல்லிவிட்டேன்.

மைனி, அங்கே போய் யாரைப் பற்றியும் பேச வேண்டாம். எதற்கும் காரணம் சொல்ல வேண்டாம். ஜூனில் வரித்தலை வாத்துகள் அங்கே குஞ்சு பொரிக்குமாம். கரையில் உட்கார்ந்து அதைப் பார்ப்போம். பசித்தால் சாப்பிடுவோம். அழுகை வந்தால் அழுவோம். அந்த ஊரில் நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

டெல்லியில் என் விமானம் முதலில் இறங்கிவிடும். நீங்கள் வெளியே வருகிற வாசலில் நிற்பேன். வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இருந்த நாட்களைவிட நீங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று மகாதேவரிடம் வேண்டிக்கொண்டு இந்த உறையை ஒட்டுகிறேன்.

என்றும் உங்கள்,
ஸ்ரீகலா