வெள்ளை நாடா

போன வாரம் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து பழைய மோட்டார் ஒன்று பட்டறைக்கு வந்தது. மூடியைக் கழற்றினேன். கம்பிச் சுருள்களைச் சுற்றி அந்த வெள்ளை நாடா. உடனே உன் நினைப்பு வந்துவிட்டது.

இதே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை மோட்டார்களுக்கு நாம் கம்பி சுற்றியிருப்போம்! புதுக் கம்பி ஏற்றுமுன் எரிந்த சுருளையும் அதன் மேல் சுற்றிய காப்பு உறைகளையும் உரித்தெடுக்க வேண்டும். பருத்தி நாடாவோ தடித்த தாளோ என்றால் இருவருமாக உரிப்போம். வெள்ளை நாடா வந்தால் மட்டும் நீ என்னை அண்டவிடமாட்டாய். நான் மகளைச் சுமந்திருந்தபோது ஆரம்பித்தது அது.

"வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு தூசியில குந்தாத. போய் வார்னிஷ் அடி."

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அதே விரட்டல். "இப்ப எதுக்குடி?" என்றால், "ஒனக்கு உரிக்க வராது" என்று சிரிப்பாய். சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு நீ சுரண்டுவாய். தூசி மாவு போலப் பறக்கும்.

பிறகு உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஹாலிஎலயில் உன் வீட்டு ஏற்றத்தில் பாதியில் நின்று, மலையைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வாய். நுரையீரல் இறுகிவிட்டது என்றார்கள். தோட்டத்து லயன் வீட்டு அடுப்புப் புகை, குளிர், வார்னிஷ் வாடை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நீ போய்விட்டாய்.

இந்த மோட்டாரைக் கொண்டுவந்த மெக்கானிக், நாடாவைக் கண்டதும் என் கையைத் தடுத்தார். "தொடாதீங்க அக்கா, அது அஸ்பெஸ்டஸ். சூடு தாங்கணும்னு அந்தக் காலத்துல சுத்துனது. தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது."

மோட்டாரைப் பாலிதீனில் சுற்றித் திருப்பி அனுப்பிவிட்டு, உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா தங்கச்சி?"

"தெரியலண்ணே."

தெரிந்திருந்தால் நீ ஏன் உரித்தாய்? தெரியாதென்றால் என்னை ஏன் அத்தனை வருசம் விரட்டினாய்? உன் நோய்க்கு அந்த நாடாதான் காரணமா என்பதே எனக்குத் தெரியாது.

உன் வீட்டுக்கார அண்ணன்தான் விடாப்பிடியாக என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். இன்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "நெஞ்சு நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றார். வெளியே வந்ததும் அண்ணன் அழுதார். சந்தோசத்திலா, உன்னை நினைத்தா, நான் கேட்கவில்லை.

உனக்கு நன்றி சொல்வதா, உன்னோடு சண்டை போடுவதா? வீட்டு வாசலில் உட்கார்ந்து மூச்சை இழுத்துவிட்டுப் பார்க்கிறேன். தடையில்லாமல் போய் வருகிறது. உன் முன்னால் அது எனக்குக் கூச்சமாயிருக்கிறது.