அச்சில் வரவேண்டிய ஓர் அறிவித்தல்

அனுப்புபவர்:
திருமதி தவநாயகி ஆனந்தராஜா,
நார்த்மீட், நியூ சவுத் வேல்ஸ்.

பெறுபவர்:
செயலாளர் அவர்கள்,
‘தெற்குச் சாளரம்’ மாதப் பத்திரிகை நிர்வாகக் குழு,
மேற்கு சிட்னித் தமிழர் ஒன்றியம், ஹோம்புஷ்.

விடயம்: வரும் தை முதல் பத்திரிகையை இணையத்தில் மட்டும் வெளியிடும் முடிவை, மரண அறிவித்தல் பக்கத்தைப் பொறுத்தவரையிலாவது மாற்றக் கோருதல்.

மதிப்புக்குரிய செயலாளர் ஐயா,

1. எனது கணவர் ஆனந்தராஜா தங்கள் பத்திரிகையை முதல் இதழிலிருந்தே வாசிப்பவர். கடையில் இலவசமாக வைக்கும் பிரதியை எடுத்து வந்ததும் மரண அறிவித்தல் வரும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார். யார் யார் மோசம் போய்விட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் அரசியலும் கிரிக்கெட்டும். இது என்ன பழக்கம் என்று நான் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். இன்று அதே பக்கத்துக்காக நானே மனு எழுதுகிறேன்.

2. அச்சுச் செலவு கூடிவிட்டது, விளம்பரம் குறைந்துவிட்டது, இளையவர்கள் தொலைபேசியிலேயே வாசிக்கிறார்கள் என்று தங்கள் அறிக்கை கூறுகிறது. மறுக்கவில்லை. பெரிய ஆங்கிலப் பத்திரிகைகளே தள்ளாடும் காலத்தில் தங்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஆயினும் நடந்த ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும்.

3. என் கணவரோடு யாழ்ப்பாணம் வேலணையில் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த சின்னவன், கடந்த ஆடியில் மெல்பேர்ண் கிரான்பர்னில் காலமானார். செலவு கருதி அம்மாத இதழைத் தாங்கள் அச்சடிக்காததால், அறிவித்தல் தங்கள் இணையத்தளத்தில் மட்டும் வந்தது. என் மகள் நிரூபா அதைப் பார்த்தவள். பார்த்தும் எங்களிடம் சொல்லவில்லை. அங்கே ‘கேதீஸ்வரன், கிரான்பர்ன்’ என்று மட்டுமே இருந்தது. படத்துக்குப் பதிலாக ஒரு குத்துவிளக்கு. அவள் பிறந்த நாள் முதல் எங்கள் வீட்டில் அவர் சின்னவன் அங்கிள்தான். பதிவுப் பெயர் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அச்சில் என்றால் வீட்டுப் பெயர், பிறந்த ஊர், இன்னாரின் மைத்துனர் என்று எல்லாம் வரும். இணையப் படிவத்தில் அதற்கெல்லாம் இடமில்லையாம்.

4. செத்தவீடு முடிந்தது தெரியாமல் என் கணவர் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்து, “சின்னவன் நிக்கிறானோ?” என்று கேட்டார். மறுமுனையில் அந்த மனிதரின் மனைவி கலா. எங்கள் ஆட்களுக்கு அறிவித்தல்தான் அழைப்பு. போட்டுவிட்டால் தனித்தனியாகச் சொல்ல மாட்டார்கள். “பேப்பர் பாக்கிற மனுசன், தெரிஞ்சும் வரேல்லை எண்டு நினைச்சிட்டன் அண்ணை” என்று அவ அழுதிருக்கிறா. அன்று இவர் சோற்றில் கைவைக்கவில்லை.

5. ஐயா, என் கணவருக்கு ஈரலில் புற்றுநோய். ஆங்கில வருடப் பிறப்பு வரை பயமில்லை, அதற்கப்பால் சொல்ல இயலாது என்கிறார்கள் வைத்தியர்கள். தங்கள் கடைசி அச்சிதழ் மார்கழியில். இவர் நெடுநாள் இருக்க வேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். அதே மனத்தால், மார்கழிக்குள் என்றால் இவரின் அறிவித்தல் அச்சில் வரும் என்று கணக்கும் பார்க்கிறேன். கட்டின மனுசி நினைக்கக்கூடிய நினைப்பா இது? எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்ததால் இவரையும் ஊர் அறிந்தது ‘சங்கக்கடை ராசன்’ என்றுதான். ஆனந்தராஜா என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

6. ஆகவே, அந்த ஒரு பக்கத்தையாவது தாளில் அடித்துக் கடைகளில் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவும் இயலாதெனில், இணையப் படிவத்தில் வீட்டுப் பெயருக்கும் ஊருக்கும் இடம் விடுங்கள்.

7. ஐந்தாம் பந்தி தவிர்ந்த மிகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “கெஞ்சாதை, நியாயத்தைக் கேள்” என்றார். பிறகு தன் அறிவித்தலைத் தானே சொல்லி என்னைக் கொண்டு எழுதுவித்தார். உற்ற நண்பர் என்று சின்னவனின் பெயரையும் சேர்த்து, அதற்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடவைத்தவர், அந்த வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

தங்கள் பதில், அவர் காதால் கேட்கக்கூடிய காலத்துக்குள் வரும் என்ற நம்பிக்கையுடன்,

தவநாயகி ஆனந்தராஜா
(ஒப்பம்)

இடம்: நார்த்மீட்
திகதி: 14.10.2012

இணைப்பு: மரண அறிவித்தல் – ஆனந்தராஜா (சங்கக்கடை ராசன்). திகதிக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது.