பதில்களை அழித்த பன்னிரண்டு நாள்

செமினியில் தங்கை வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து இன்று கணினியைத் திறந்தால், நம் மின்மடற்குழுவிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மடல்கள். உடனே உன் ஞாபகம்தான். நீ இருந்தால் தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கியிருப்பாய்.

தொண்ணூறுகளில் அந்தக் குழுவில் சேர்ந்தபோது நீ கிள்ளானில், நான் பிரிக்ஃபீல்ட்ஸில், தெருவோரம் சுவரை ஒட்டிப் போட்ட ஓர் ஒட்டுக்கடைக்கு மேலே மாடி அறையில். ஆளுக்கொரு பழைய கணினி, இழுத்துக்கொண்டு கிடக்கும் மோடம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தக்கூடிய அச்சு நிரல் ஒன்றில் தமிழ் ஒழுங்காக வரவேண்டும் என்பது நமக்கு வெறி. அதில் எகர, ஏகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. நான் திருத்தம் எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன்.

அன்றே இன்னொரு காரியமும் செய்தேன். வந்து குவியும் மடல்களைத் தாங்க முடியாமல், மறுமொழியாக வருவதெல்லாம் தானாக அழியும்படி விதி போட்டேன். வெட்டிப் பேச்செல்லாம் மறுமொழிகளில்தான் நடக்கிறது என்பது என் மகா கண்டுபிடிப்பு.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. "தமிழ் என்றால் இளக்காரமா?" என்று நிரலின் பொறுப்பாளரைக் கிழித்து ஒரு மடல் போட்டேன். அதற்கும் மௌனம். சனிக்கிழமை காலை உனக்குப் போன் செய்து குமுறினேன்.

"டேய், அவரு மூணாவது நாளே பதில் போட்டாரு லா. ஒகாரம், ஓகாரத்தையும் சரிபண்ணிக் குடு, சேத்துக்கிறேன்னாரு. நாளைக்குச் சாயங்காலத்தோட புது பதிப்புல சேக்குறத நிறுத்துறாங்க. நீ பாக்கலையா?"

என் விதியைச் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பு போன் இல்லாமலே பிரிக்ஃபீல்ட்ஸ் வரை கேட்டிருக்கும்.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாய். "மொதல்ல மன்னிப்பு கேளு, வேலை அப்புறம்." கேட்டேன். பிறகு என் விதியைத் தூக்கிப் போட்டாய். "நம்ம பேரு உள்ளது ஒரு பெட்டி. நம்ம வேலையத் தொட்டது ஒரு பெட்டி. மத்தது ஓரமா கெடக்கட்டும். எதையும் அழிக்காத."

முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று ஒகாரம் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. ஞாயிறு மதியம் நீதான் வழி கண்டாய். அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். நான்கு மணிக்குப் பதில் வந்தது: திருத்தத்தைச் சேர்த்தாயிற்று, மன்னிப்பையும் ஏற்றாயிற்று.

'கொழுக்கட்டை' என்று அடித்துப் பார்த்தோம். அச்சுப்பொறி கறகறவென்று சரியாகத் துப்பியது. தாளைக் கிழித்துக்கொண்டு கீழே ஓடி ஒட்டுக்கடை அண்ணனிடம் நீட்டினாய்.

"அண்ணே, இனிமே எந்த ஊர்ல அடிச்சாலும் தமிழ் இப்படித்தான் வரும்."

"நல்லாருக்கே. அப்படியே நம்ம கடை போர்டையும் அடிச்சுக் குடும்மா."

அவ்வளவு சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. நீ கண்மூடி மூன்று வருஷம் ஆகிறது. அந்த நிரலுக்கு இப்போது நான்தான் பொறுப்பாளர். பங்களித்தவர் பட்டியலில் உன் பெயர் ஒவ்வொரு பதிப்போடும் ஊர் ஊராகப் போகிறது.

இன்றும் எவராவது பதில் போடவில்லையென்றால் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறும். ஆனால் முதலில் என் மடல் பெட்டிகளைத் துழாவிப் பார்க்கிறேன். பாதி நேரம் பதில் அங்கேயே கிடக்கிறது. மீதி நேரம் நன்றாகவே திட்டுகிறேன்; அதை நீ ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.