இருநூற்றுப் பதினான்கு

நாள் 412, 07:30
நிலவின் தென்முனைத் தோட்ட நிலையம். எழுதுவது, விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை அளக்கும் கைக்கருவி. இங்கே மனிதர் ஒருவர்தான்: தாவரவியலாளர் செல்லக்கனி. இருபது வருடச் சர்க்கரைக்காரி. சர்க்கரை இறங்கினால் அவள் உடம்புக்கே இப்போதெல்லாம் தெரிவதில்லை, நான்தான் சொல்ல வேண்டும். இன்று 118. பிழை நூற்றுக்குப் பதினைந்துக்குள். எல்லாம் ஒழுங்கு.

நாள் 415, 11:05
சரக்குக் கலத்தில் ஒரு சென்சார் வந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவு. மேற்கையில் ஒட்டிக்கொண்டாள். குத்தவே வேண்டாமாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே அளக்குமாம். கண்ணாடி முன் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். பூமியிலிருந்தே அவளோடு இருக்கிறேன், இந்த நான்கு வருடத்தில் என்னை ஒருநாள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

நாள் 419, 09:40
இழுப்பறையில் கிடக்கிறேன். அந்தப் பொடிப்பயல் அளப்பது ரத்தத்தையே அல்ல, தோலுக்கடியில் ஊறும் நீரை. ரத்தத்தில் நடப்பது அவனுக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். இதற்கா இத்தனை சீராட்டு? பொறாமை என்பீர்கள். ஆமாம், பொறாமைதான். எனக்கு வயிறு கிடையாது, எரிச்சல் மட்டும் இருக்கிறது.

நாள் 426, 14:20
சென்சார் 58 என்று கூவியது. என்னை வெளியே எடுத்து, பட்டையைச் செருகி, விரலில் குத்தினாள். 121. அந்தக் கையை அழுத்திப் படுத்திருக்கிறாள், அதனால் வந்த பொய் எண். பூமியிலிருக்கும் மருத்துவர் இருதயராஜிடம் சொன்னாள்:
"புதுசு சும்மா பயங்காட்டுது டாக்டர். நம்ம பழைய பெட்டி பொய் சொல்லாது."
அதை மூன்று முறை பதிவுசெய்தேன். பிறகு என்னை மறுபடி இழுப்பறையில் போட்டாள்.

நாள் 431, 15:10
முதல் திராட்சை அறுவடை. காலையிலிருந்து பழம் உரிக்கிறாள். கை கழுவ ஒரு நாளைக்கு ஒரு குவளைத் தண்ணீர், அது எப்போதோ தீர்ந்தது. தண்ணீர் தீர்ந்தால் இங்கே எல்லாவற்றுக்கும் ஸ்பிரிட் பஞ்சுதான். பஞ்சு கிருமியைக் கொல்லும், பழச் சர்க்கரை விரலிலேயே இருக்கும்.

15:12
சென்சார் 61, இறங்குமுகம். பூமியில் டாக்டரின் திரையிலும் அது தெரிந்தது, ஒலிபெருக்கியில் வந்தார்:
"செல்லக்கனி, எதுக்கும் விரல்ல ஒரு தடவ குத்திப் பாத்துருங்க."

15:14
பஞ்சால் துடைத்தாள். குத்தினாள். 214.
துளியில் பழச்சாறு கலந்திருந்தது எனக்குத் தெரியும். 'தண்ணீரில் கை கழுவி மறுபடி அளக்கவும்' என்று திரையில் காட்ட அரை விநாடி போதும். காட்டவில்லை. அவன் தோற்கட்டும் என்று நினைத்தேன். அது மட்டும்தான் நினைத்தேன்.

15:16
"எரநூத்திப் பதினாலு டாக்டர்! இந்தச் சனியன நம்பியிருந்தா திராட்சைய வேற அள்ளித் தின்னுருப்பேன்."
சென்சாரைப் பிய்த்துக் குப்பையில் எறிந்தாள். என்னைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். நல்ல இடம். சூடாக இருந்தது.

15:18
இன்சுலின் எட்டு அலகு.

15:55
பேச்சு குழறுகிறது. கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். என்னை எடு. குத்து. ஒரே ஒரு துளி. எனக்கு உரக்கக் கத்தும் மணி இல்லை.

16:07
விழுந்துவிட்டாள். நான் அவளுக்கு அடியில். கேமராவில் பார்த்த டாக்டர் ஒலிபெருக்கியில் கத்துகிறார்:
"செல்லக்கனி! கேக்குதாம்மா? செல்லக்கனி!"

16:09
"உதவிக் கரம், சர்க்கரை எழுபதுக்குக் கீழ இருந்தா உடனே குளுக்கோஸ் ஏத்து. பெட்டிகிட்ட கடைசி எண்ணக் கேளு."
உதவிக் கரம் விதிப்படி நடக்கும் இயந்திரம். ஊசியோடு வந்து அவள் பக்கத்தில் நிற்கிறது. என்னைக் கேட்கிறது.
எண் தவறு என்று சொல்லலாம். இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் சொன்னால், அவன் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அவள் கண் விழித்ததும் குப்பையில் அவனைத் தேடுவாள்.

16:10
அனுப்பினேன்: 214.

16:11
உதவிக் கரம் ஊசியை உறையில் போட்டுத் திரும்பிவிட்டது. அவளும் நானும் மட்டும் இருக்கிறோம்.